பேய்க்குச் சிவப்புக் கூறை

என் அலுமாரியின் உள்ளறையில் ஒரு நெருப்புப்பெட்டி இருக்கிறது. அதற்குள் பஞ்சு வைத்து, பஞ்சின் மேல் ஒரு விரல் நீளத்துக்குப் படச்சுருள் துண்டு ஒன்றை வைத்திருக்கிறேன். யன்னலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், கடலைப் பார்த்த ஒரு விறாந்தையில் சாய்மனைக் கதிரை ஒன்று தெரியும். அதில் ஒரு பெண் நிமிர்ந்து இருக்கிறாள். கறுத்தச் சேலை, நெற்றியில் கறுத்தப் பொட்டு, பின்னால் வெள்ளை வெளேரென்ற வானம். படத்தின் ஓரத்தில் இன்னொரு கதிரையின் முதுகும், அதைப் பிடித்துத் தூக்கிவரும் ஒரு கையும் தெரிகின்றன. கைக்கு உரியவள் படத்துக்கு வெளியே நிற்கிறாள்.

சென்ற மாதம் கனடாவிலிருந்து வந்த தம்பியின் மகள் அதைக் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டு போனாள். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினியே வர்ணம் பூசித் தருமாம். இரண்டு நாளில் அனுப்பிவிட்டாள். கடலுக்கு நீலம், கதிரைக்கு மண்ணிறம், முகத்துக்குத் தோல் நிறம் எல்லாம் வந்திருந்தது. சேலை மட்டும் அப்படியே கரிக்கறுப்பு. "மாமி, கறுப்புச் சேலையில உங்கட சின்னம்மா அசல் பேய் மாதிரித்தான் இருக்கிறா" என்று எழுதியிருந்தாள், ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தி ஒரு மண்டபத்தில் எங்கள் ஊர் முழுவதற்கும் சொல்லப்பட்ட பொய் அது. அதை இப்போது ஒரு யந்திரமும் எனக்குத் திருப்பிச் சொல்லுகிறது. இந்த வயதில் எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, கோபப்படக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். கோபப்பட்டேன்.

கதிரையில் இருப்பது என் சின்னம்மா, அம்மாவின் ஒரே தங்கை. அவருடைய கணவர் துறைமுகத்து இழுவைப் படகில் வேலை செய்தவர், கலியாணமாகி இரண்டாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். அப்போது சின்னம்மாவுக்கு இருபத்துநாலு வயது. பிள்ளை இல்லை. கணவரின் ஆட்கள் வெருகலில் இருந்தார்கள், அவர்கள் கூப்பிடவில்லை. அப்பா போய்க் கூட்டிவந்து எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார். அப்பா கெட்டவர் இல்லை. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் இடத்தில் ஸ்டோர்க்கீப்பர், ஒரு ஆணி குறைந்தாலும் நித்திரை வராத மனிதர். ஆனால் ஊர்ச்சனம் என்ன கதைக்கும் என்ற ஒரு பயத்திலேயே அவருடைய பாதி ஆயுள் போனது.

காலை ஆறரைக்கு அப்பா வேலைக்கு வெளிக்கிடும்போது சின்னம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். விதவை எதிரே வந்தால் முழிவியளம் சரியில்லை, போகிற காரியம் உருப்படாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. சைக்கிளை உருட்டும் சத்தம் கேட்டதும் அவராகவே போய்விடுவார். அது எனக்குப் பல் துலக்குவது மாதிரிப் பழகிப்போன காட்சி. அவர் தையல்காரி, எங்கள் பகுதியில் கலியாணப் பெண்களுக்குச் சட்டை தைத்தது அவர்தான். தைத்த சட்டையைப் பெண் போட்டுக்கொண்டு மணவறையில் இருக்கும்போது தைத்தவர் வீட்டில் இருப்பார். வீட்டுக்கு ஆட்கள் வந்தாலும் விறாந்தைக் கதிரைகளில் அவர் இருக்க மாட்டார். தையல் மெஷினுக்கு முன்னால் இருந்த முதுகில்லாத ஸ்டூல்தான் அந்த வீட்டில் அவருடைய இடம். ஒன்பது வருஷம் இப்படிப் போனது. ஒன்பது வருஷமும் வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி.

படம் எடுக்கும் விசர் எங்கள் ஊருக்கு வந்தது ஒரு கமெராவோடு. மணிக்கூடு திருத்தும் கடை வைத்திருந்த கிண்ணியா முஸ்லிம் அண்ணர், எல்லோரும் நானா என்று கூப்பிடுபவர், கப்பலில் வந்த யாரோ ஒருவருக்கு மணிக்கூடு திருத்திக் கொடுத்துப் பதிலுக்கு அதை வாங்கியிருந்தார். கூடவே மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்கள். மூன்றையும் சேர்த்தால் பன்னிரண்டு நிமிஷம் ஓடும். நானாவின் கடை வாசலில் நின்று பத்திரிகை வாசிக்கும் இங்கிலிஷ் மாஸ்ரர் அதைப் பார்த்த அன்றே இயக்குநராகிவிட்டார். கதையும் அவரிடம் தயாராக இருந்தது. பள்ளிக்கூட நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு புத்தகத்தில், பழைய ஆங்கிலப் பேய்க்கதை. ஒரு கப்பல்காரனின் மனைவி இறந்துபோகிறாள். அவன் இரண்டாவது கலியாணம் செய்கிறான். புது மனைவி வந்த நாள் முதல், முதல் மனைவியின் ஆவி கடலிலிருந்து ஏறிவந்து, தான் இருந்து பழகிய கதிரையில் இருந்துகொள்ளும். கடைசியில் பாதிரியாரைக் கூட்டிவந்து செபம் சொல்லிக் கதிரையை எரிப்பார்கள், ஆவி அலறிக்கொண்டு போய்விடும். பாதிரியாருக்குப் பதிலாகப் பூசாரியைப் போட்டு மாஸ்ரர் அதைத் தமிழாக்கி வைத்திருந்தார்.

புது மனைவியாக நடிக்க என்னைக் கேட்டார்கள். எனக்கு இருபத்தொரு வயது, கண்ணாடிக்கு முன்னால் நிற்காத நாளில்லை. மாஸ்ரர் எங்கள் குடும்பத்துக்கு வேண்டியவர், அம்மாவும் கூடவரலாம் என்றதால் அப்பா ஒத்துக்கொண்டார். பேய் வேஷத்துக்கு நானாவின் கடையில் வேலை செய்த ஒரு மெலிந்த இளைஞன், தலைமயிருக்குக் கயிற்று நார். எல்லாம் சரி, ஒரு சாமான் மட்டும் இல்லை. வெள்ளைச் சேலை. பேய் என்றால் வெள்ளைச் சேலைதானே. மாஸ்ரரும் நானாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தேநீர் குடித்தார்கள். பிறகு மாஸ்ரர் கொஞ்சமும் யோசிக்காமல், பக்கத்து வீட்டில் தேங்காய் துருவுகிற பலகையை இரவல் கேட்பது போல, சின்னம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "அக்கா, பேய்க்கு உடுக்க உங்கட சேலை ஒண்டு தருவீங்களோ? தோய்ச்சுத் திருப்பித் தாறம்."

நான் அதில் ஒரு பிழையும் காணவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அம்மாவும் காணவில்லை. ஊரில் வேறு யாரிடம் வெள்ளைச் சேலை இருக்கிறது? நானாதான் முதலில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்தார். தையல் மெஷின் நின்றது. சின்னம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்து வந்தார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"ஏன் மாஸ்ரர், பேய் வெள்ளைச் சேலைதான் உடுக்குமெண்டு ஆர் சொன்னது? உங்கட கதையில செத்தது ஆர்? புருஷன் உயிரோட இருக்கேக்க செத்தவள். அவளைக் கலியாணக் கூறை உடுத்தி, பொட்டும் பூவும் வைச்செல்லோ சுடலைக்குக் கொண்டுபோயிருப்பினம்? அவள் ஏன் என்ர சேலையில வரவேணும்? வெள்ளை உடுத்தவள் நான். நான் சாகேல்லை."

எங்கள் வழக்கப்படி அது நூற்றுக்கு நூறு சரி. சுமங்கலியாகச் செத்தவளின் ஆவி வெள்ளையில் வர நியாயமே இல்லை. எந்தப் படத்தைப் பார்த்தோ நாங்கள் எல்லோரும் அதை மறந்துபோயிருந்தோம். சின்னம்மா அதோடு விடவில்லை. "கூறை என்னட்டை இருக்கு. ஒன்பது வருஷமாப் பெட்டிக்குள்ள கிடக்குது. நானே உடுத்து நானே நடிக்கிறன். கயிற்று நாருக்கு அலையவும் தேவையில்லை, எனக்குத் தலைமயிர் இருக்கு" என்றார். மாஸ்ரர் சரி என்று தலையாட்டினார். அவர் பயந்துதான் தலையாட்டினார் என்று நினைக்கிறேன்.

அப்பா வேலைத்தலத்தில் இருந்த நாட்களாகப் பார்த்துப் படப்பிடிப்பு வைத்தார்கள். சாம்பல்தீவுக் கரையில் ஆளில்லாத ஒரு பழைய வீடு கிடைத்தது. முதல்நாட் காலையில் நான் சின்னம்மாவிடம் தனியாகப் போய், "உங்களுக்கு ஏன் சின்னம்மா இந்த வேலை? எனக்குக் கலியாணம் பேசுகினம், ஆரும் அறிஞ்சால்?" என்று கேட்டேன். அவர் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். "உனக்குப் பேசுகினம் எண்டு எனக்கும் தெரியும். சட்டை தைக்கப்போறது நான்தானே" என்றார். கூறையை உதறியபோது நப்தலின் மணம் அறை முழுக்கப் பரவியது. நல்ல இரத்தச் சிவப்பு, பொன் கரை. குங்குமத்தை மோதிர விரலால் தொட்டு நெற்றிக்குக் கொண்டுபோனார். கண்ணாடி பார்க்காமலே சரியான இடத்தில் வைத்தார்.

பேய் வருவது இரவில். எங்களிடம் இருந்த கமெராவுக்கோ பகல் வெளிச்சமே போதாது. மாஸ்ரர் வர்ணப் படங்களில் இரவு நீலமாக இருப்பதைப் பார்த்திருந்தார். பழைய பங்களா ஒன்றின் யன்னலிலிருந்து கழற்றிய நீலக் கண்ணாடித் துண்டைக் கொண்டுவந்து, கமெராவின் வாய்க்கு முன்னால் பிடித்தால் பகல் இரவாகிவிடும் என்றார். கறுப்பு வெள்ளைச் சுருளுக்கு நீலம் எப்படித் தெரியும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நானா மட்டும் ஒருமுறை தலையைச் சொறிந்தார். உச்சி வெயிலில், காற்சட்டை நனைய முழங்கால் தண்ணீரில் நின்று மாஸ்ரர் கண்ணாடியைப் பிடிக்க, நானா கமெராவை ஓட்ட, சின்னம்மா கடலிலிருந்து ஏறி வந்தார். தலைமயிர் முழங்கால் வரை. வேகமாக நடக்கவில்லை, கைகளை நீட்டிக்கொண்டு வரவில்லை. தன் வீட்டுக்கு வருகிறவள் எப்படி வருவாளோ அப்படி வந்து, விறாந்தைப் படியில் கால் மணலைத் தட்டிவிட்டு, சாய்மனைக் கதிரையில் இருந்தார். அவர் ஒரு கதிரையில் இருப்பதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடைசிக் காட்சியில் அடுத்த குழப்பம். பூசாரி வேஷக்காரர் வேப்பிலையோடு தயாராக நின்றார். சின்னம்மா எழும்ப மாட்டேன் என்றுவிட்டார். "அவளின்ர கதிரை, அவள் இருக்கிறாள். எரிக்கிறதெண்டால் என்னோட சேர்த்து எரியுங்கோ. இல்லாட்டி அந்தப் பிள்ளையை இன்னொரு கதிரை கொண்டுவந்து பக்கத்தில போட்டு இருக்கச் சொல்லுங்கோ. வீட்டில ரெண்டு கதிரை போட இடமில்லையோ?" மாஸ்ரர் கதை கெட்டுவிடும் என்று மன்றாடினார். நானா சிரித்துக்கொண்டே, "மாஸ்ரர், சுருள் இன்னும் ஒரு நிமிஷந்தான் ஓடும். பேய்க்கும் மனிசருக்கும் வழக்கு வைச்சால் பேய்தான் வெல்லும். அந்தத் தங்கச்சி சொல்றதையே எடுப்பம்" என்றார். நான் குசினியிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிவந்து பேய்க்குப் பக்கத்தில் போட்டு இருந்தேன். படம் முடிந்தது. பூசாரி வேப்பிலையை ஆட்டுக்குப் போட்டார்.

சுருள்களைக் கப்பல்காரர் ஒருவரிடம் கொடுத்து வெளிநாட்டில் கழுவுவித்து வர நாலு மாதம் ஆனது. அதற்குள் கதை அப்பாவின் காதுக்குப் போய்விட்டது. அவர் சத்தம் போடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, குசினி வாசலில் நின்று சின்னம்மாவுக்குச் சொன்னார்: "பிள்ளை, நீ கூறையோட நிக்கிற படம் இந்த ஊரில ஓடினால் நான் தலைநிமிர்ந்து நடக்கேலாது. இவளின்ர கலியாணமும் குழம்பும். அப்பிடி ஓடுமெண்டால் நீ வெருகலுக்குப் போகவேண்டியதுதான்." சின்னம்மா "ஓம் அத்தான்" என்று மட்டும் சொன்னார். வெருகலில் அவருக்கு ஒரு ஸ்டூல் கூட இருக்கவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மா அடுப்பைப் பார்த்தபடி இருந்தார்.

சுருள் வந்ததும் நானாவின் கடைச் சுவரில் எங்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள். மாஸ்ரர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். நீலக் கண்ணாடி காலை வாரிவிட்டது. இரவு வரவேயில்லை. வானம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. நீலக் கண்ணாடி சிவப்பை உள்ளே விடாததால் கூறையும் குங்குமமும் கரியாகக் கறுத்துவிட்டன. பட்டப்பகலில் கறுப்புச் சேலை உடுத்த ஒரு பெண் கடலிலிருந்து வந்து கதிரையில் இருக்கிறாள். எங்களோடு பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தில்தான் வெளிச்சம் வந்தது. "கறுப்புச் சேலைதானே இது! பேய் வேஷம். பொட்டும் கறுப்பு. ஆர் என்ன சொல்ல ஏலும்?" என்றார். சுருளுக்குச் சத்தம் இல்லை, மாஸ்ரர் திரைக்குப் பக்கத்தில் நின்று கதையை வாசிப்பதாக ஏற்பாடு. அப்பா இரண்டு நிபந்தனை போட்டார்: வாசிக்கும்போது கறுப்புச் சேலை என்று ஒருமுறை அழுத்திச் சொல்ல வேண்டும், சின்னம்மா அன்றைக்கு மண்டபத்துக்கு வரக்கூடாது. இந்த இரண்டுக்கும் சம்மதம் என்றால் படத்தைக் காட்டலாம், வெருகல் கதையும் இல்லை. மாஸ்ரர் சம்மதித்தார். எனக்கு நெஞ்சு இலேசாகிவிட்டது. சின்னம்மாவும் தப்பினார், என் கலியாணமும் தப்பியது, ஒரு நிறத்தை மாற்றிச் சொல்வதில் என்ன வந்தது என்று நினைத்தேன். சின்னம்மாவிடம் போய்ச் சந்தோஷமாகச் சொன்னேன். "அப்ப எல்லாருக்கும் நல்லதாப் போச்சு" என்றார்.

சனசமூக நிலையத்து மண்டபத்தில், மாலை ஆறு மணிக்கு, கதவு யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கிப் படம் போட்டார்கள். முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா, அவருக்குப் பக்கத்தில் அப்பா, பிறகு அம்மா, நான். மாஸ்ரரின் தோல்வியென்று நாங்கள் நினைத்தது அங்கே தலைகீழானது. உச்சி வெயிலில்தான் பேய் உலாவும், மத்தியானத்தில் தனியே கடற்கரைக்குப் போகாதே என்று கேட்டு வளர்ந்த சனம் அது. வெளுத்த வானத்தின் கீழ் சின்னம்மா கடலிலிருந்து நடந்து வர, முன்னால் இருந்த பிள்ளைகள் பின்னுக்கு நகர்ந்தார்கள். யாரோ ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அந்த நேரத்தில் மாஸ்ரர் வாசித்தார்: "கறுப்புச் சேலை உடுத்த அந்த ஆவி, கறுத்தப் பொட்டோடு, தன் வீட்டை நோக்கி வந்தது."

"கறுப்பில்லை. சிவப்பு."

குரல் பின்னாலிருந்து வந்தது. வாசற் சாக்கு விலகி, மாலை வெயில் நீளமாக மண்டபத்துக்குள் விழுந்தது. அந்த வெயிலில் சின்னம்மா நின்றார். அதே கூறை, அதே குங்குமம், பின்னிய தலையில் மல்லிகைச் சரம். திரையில் கறுத்தவள் கடலிலிருந்து வந்துகொண்டிருந்தாள், இவர் நடுவழியால் நடந்து வந்தார். இரண்டு பேரும் ஒரே நடை. ஒரு கிழவர் கும்பிட்டதை நான் கண்ணால் கண்டேன், பேய் வெளியே வந்துவிட்டது என்று நினைத்தாரோ தெரியாது. சின்னம்மா முன்வரிசைக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தில், சுவரோரம் கிடந்த ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, சனத்தைப் பார்த்தபடி இருந்தார். "கண்ணாடிப் பிழையால கறுப்பாத் தெரியுது. என்ர கலியாணக் கூறை இது. சிவப்பு. வடிவாப் பாருங்கோ. நான்தான் நடிச்சனான், நான் உயிரோடதான் இருக்கிறன்" என்றார்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு போனார். பின்னால் இன்னும் நாலைந்து பேர். அப்பா மடியைப் பார்த்தபடி கல்லாக இருந்தார். திரையில் நான், கதிரையைத் தூக்கிக்கொண்டு பேய்க்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். மண்டபத்தில் இருந்த நான் அசையவில்லை. என் கை மடியில் கிடந்தது. எழும்பு எழும்பு என்று எனக்குள்ளே யாரோ கத்தினார்கள், கால்கள் கேட்கவில்லை. ஐம்பது வருஷமாக நான் வெட்கப்படும் ஒரே விஷயம் இது.

எழும்பியது அம்மா. வாழ்நாளில் அப்பாவுக்கு எதிராக ஒரு சொல் சொல்லாத அம்மா. தான் இருந்த கதிரையை இரண்டு கையாலும் தூக்கினார். அது இரும்புக் கதிரை, தரையில் இழுபட்டுக் கிரீச்சிட்டது. கொண்டுபோய்த் தங்கைக்குப் பக்கத்தில் போட்டு இருந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "இவள் வெருகலுக்குப் போறதெண்டால் நானும் போறன். படத்தை நிப்பாட்ட வேண்டாம் மாஸ்ரர்." நானா அப்போதுதான் நினைவு வந்தவர் போலச் சுருளைத் திருப்பிச் சுற்றி, படத்தை முதலிலிருந்து போட்டார். மாஸ்ரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சிவப்புக் கூறை என்று வாசித்தார். நல்ல சத்தமாக.

யாரும் வெருகலுக்குப் போகவில்லை. அப்பா இரண்டு மாதம் வீட்டில் கதைக்கவில்லை, பிறகு உப்புக் கூடிவிட்டது என்று ஒருநாள் கதைத்தார். சின்னம்மா கூறையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அடுத்தநாள் முதல் நீலம், பச்சை, பூப்போட்டது என்று சாதாரண நூற்சேலைகள் உடுத்தார், பொட்டு வைத்தார். சட்டை தைக்க வந்த சில வீட்டார் வருவதை நிறுத்தினார்கள். சிலர் பிடிவாதமாக வந்தார்கள். காலை ஆறரைக்கு அவர் குசினிக்குள் போவது நின்றது. சைக்கிளை உருட்டும் அப்பா ஒவ்வொரு நாளும் அவருக்கு எதிரேதான் போனார். சீனன்குடாவில் ஒரு ஆணியும் குறையவில்லை. என் கலியாணப் பேச்சு முறிந்தது. நாலு வருஷம் கழித்து வேறொருவரைக் கட்டினேன். கலியாணத்தன்று வீட்டை விட்டு வெளிக்கிடும்போது சின்னம்மாவைப் படலையடியில் நின்று எதிரே வரச்சொன்னது நான்தான். மண்டபத்தில் எழும்பாத கால்களுக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவே.

பிறகு வந்த வருஷங்களில் நானாவின் கடை எரிந்தது, சுருள்களும் போயின. ஒட்டும்போது வெட்டி எறிந்த துண்டு ஒன்றை நான் எடுத்து வைத்திருந்தேன், அதுதான் நெருப்புப்பெட்டிக்குள் இருப்பது. சின்னம்மா செத்தபோது அவரையும் கூறை உடுத்தியே சுடலைக்குக் கொண்டுபோனோம். சில கிழடுகள் முணுமுணுத்தன. நான் ஒரு பார்வை பார்த்தேன், அடங்கிவிட்டன. ஆகவே படம் எடுத்த அன்று அந்தச் சேலை என்ன நிறம் என்பதற்கு, அங்கே நின்றவர்களில் இன்று என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை.

தம்பியின் மகளுக்குத் தொலைபேசி எடுத்துக் கறுப்பில்லை சிவப்பு என்றேன். கணினிக்கு அது தெரியாதே மாமி என்றாள். கணினி அங்கே இருக்கவில்லை, நான் இருந்தனான் என்றேன். ஆரஞ்சு மாதிரி ஒன்று அனுப்பினாள், திருப்பி அனுப்பினேன். ரோசாப்பூ மாதிரி ஒன்று, அதையும் திருப்பினேன். ஐந்தாவது தடவை சரியாக வந்தது. விறாந்தையில், வெளுத்த வானத்தின் கீழ், இரத்தச் சிவப்புக் கூறையோடு சின்னம்மா நிமிர்ந்து இருக்கிறார். நான் நிறைய நேரம் அழுதேன். படத்தின் கீழே என்ன எழுத வேண்டும் என்று அவள் கேட்டாள். ஓரத்தில் கதிரையைத் தூக்கிவருகிற கை யாருடையது, உங்களுடையதா என்றும் கேட்டாள்.

"சிவப்பு எண்டதை முதல் எழுது" என்றேன். "பிறகு கையைப் பற்றி எழுது. படத்தில என்ர கை. மண்டபத்தில உன்ர அப்பம்மான்ர கை. ரெண்டையும் எழுது பிள்ளை."